முதல் மடக்கு யாருக்கு?

கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சை விளைகிறது. ஆனால் ஒயினுக்கு மரியாதை செய்யத் தெரிந்த ஆள் ஒருவர்தான் இருந்தார். அவரை ஊரே கிறுக்கன் என்றது. சொல்லட்டும். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டியாவது அவரைப் பற்றி எழுதாமல் விடப்போவதில்லை.

அவர் பேர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. பட்லர், அவ்வளவுதான். ஏலமலையில் ஒரு எஸ்டேட் பங்களாவில் காலமெல்லாம் பரிமாறிவிட்டு, பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டோடு கீழே இறங்கி வந்தார். அந்தக் கோட்டு இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது.

டீக்கடையில் கிளாஸை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பார். மோந்து பார்ப்பார். ஒரு சொட்டை நாக்கில் உருட்டுவார். பிறகுதான் மாஸ்டரைப் பார்த்துத் தலையசைப்பார்.

"யோவ் பட்லரு, அது டீய்யா! பின்னால ஆளு நிக்குது, குடிச்சிட்டு நகரும்!"

"அவசரப்பட்டா ருசி கோவிச்சுக்கிரும்" என்பார்.

ஒரு தடவை உத்தமபாளையத்தில் 'ஒயின்ஸ்' என்று போர்டு போட்ட கடைக்குப் போய், சிவப்பா வெள்ளையா, எந்த வருஷத்தது என்று கேட்டிருக்கிறார்.

"பிராந்தி இருக்கு, பீர் இருக்கு. எது வேணும்?"

"ஒயின்ஸ்னு எழுதியிருக்கீகளே?"

"அது போர்டு பெரிசு. நகருங்க."

மனுஷர் அன்றோடு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

எங்களைப் போன்ற வேதக்கார வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடுவோம். பன்னீர் திராட்சை, சீனி, கொஞ்சம் கோதுமை, பட்டை, கிராம்பு. ஜாடியில் போட்டுக் கட்டிவைத்து, பிறகு வடித்துப் பழைய பாட்டில்களில் அடைப்போம். என் ஒயினுக்குப் பேர் உண்டு. என் வாய்க்கும் உண்டு. என் மகள் செலினைப் பார்க்க வந்த இரண்டு இடம் என் பேச்சைக் கேட்டே கழன்றுகொண்டது.

அதனால் கெங்குவார்பட்டியிலிருந்து மூன்றாவது இடம் பூ வைக்க வந்த அன்று, என் கொழுந்தன் கையெடுத்துக் கும்பிட்டார்: "மதினி, மக கரையேறணும்னா இன்னிக்கு மட்டும் வாயத் தொறக்காதீக." செலினும் பார்த்தாள். அவளுக்குப் பையனைப் பிடித்திருந்தது. சரி என்று உட்கார்ந்துவிட்டேன்.

என் ஒயினைப் பரிமாறப் பட்லரைக் கூப்பிட்டதுதான் வினை. காம்பு வைத்த கிளாஸ்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, கம்பத்தில் ஐஸ்கிரீம் கடையில் கண்ணாடிக் கிண்ணங்களை வாடகைக்கு வாங்கி வந்திருந்தார். கையில் வெள்ளைத் துண்டு. நேராக என்னிடம் வந்து, குனிந்து, பாட்டிலின் லேபிளைக் காட்டினார். அதில் 'ஆரஞ்சு ஸ்குவாஷ்' என்று இருந்தது. நானும் பெரிய மனுஷியாகத் தலையசைத்தேன். என் கிண்ணத்தில் ஒரு மடக்கு ஊற்றப் போனார்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்துவிட்டார். "பொண்ணோட ஆத்தா குடிச்ச மிச்சமா எங்களுக்கு?"

"வீட்டுக்காரவுகதான் மொதல்ல ருசி பாக்கணும் சார். கெட்டுருந்தா விருந்தாளி வாய்க்குப் போயிரக் கூடாதுல்ல?"

"எனக்கே சொல்லித் தாரியா? கொண்டாய்யா இங்கன!"

பாட்டிலைப் பிடுங்கி ஒரு கிண்ணம் நிறைய ஊற்றி, ஒரே மூச்சில் இறக்கினார். கண் பிதுங்கியது. காது சிவந்தது. மீசை தானாக ஆடியது.

"எப்படி சார் இருக்கு?"

"அ... அருமை!"

பட்லர் பாட்டிலை வாங்கி, துண்டால் அதன் கழுத்தைத் துடைத்து, திரும்ப என்னிடமே வந்து ஒரு மடக்கு ஊற்றினார். வாயில் வைத்தேன். சுத்தக் காடி. தக்கை இறுகாமல் காற்று உள்ளே போயிருக்கிறது.

அருமை என்று நானும் சொல்லியிருந்தால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும். கொழுந்தன் கண்ணாலேயே கெஞ்சினார். செலின் தலையைக் குனிந்துகொண்டாள். பட்லர் மட்டும், "சொல்லுங்க மேடம்" என்று நின்றார்.

"கெட்டுப்போச்சு. இத என் வீட்டுல ஒருத்தருக்கும் ஊத்தக் கூடாது. வேற பாட்டில எடுங்க" என்றேன்.

மாப்பிள்ளையின் தாயார் எட்டி என் கிண்ணத்தை வாங்கி நாக்கில் வைத்தார்.

"ஆத்தாடி! ஊறுகா போடலாம் போலருக்கே! அண்ணே, இதையா அருமைன்னீக?"

அண்ணன் சுவரைப் பார்த்தார். அந்தம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தன் வீட்டுச் சரக்கையே கெட்டதுங்குறாக. இவுக பொண்ண நம்பிக் கூட்டிட்டுப் போகலாம். பூவ எடுங்க" என்றார். தாய்மாமன் மட்டும் அது நல்ல ஒயின்தான் என்று இன்றுவரை சாதிக்கிறார்.

பட்லர் அடுத்த பாட்டிலைத் திறந்தார். அப்போதும் முதலில் என்னிடம்தான் வந்தார். நான் அவசரப்படவில்லை; சபை மொத்தமும் காத்திருந்தது.

இந்த மலைக்குக் கீழே எத்தனையோ ஆண்பிள்ளைகள் என் ஒயினைக் குடித்திருக்கிறார்கள். அது எப்படி இருக்கிறது என்று குனிந்து நின்று என்னைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.