ஏழாம் சோதனையும் பக்கத்து மேசைக்காரரும்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இங்கு யாவரும் நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். படித்ததும் இதைக் கிழித்துவிடு.

எங்கள் நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களுக்கு நினைவூட்டல் அனுப்பக் கணினிக்கு நீ ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைக் கோப்பு, எழுதிக் கொடுத்தாய் அல்லவா? அதைச் சரிபார்க்கும் பத்துச் சோதனைகளுக்கு, "வர வேண்டிய விடையை நீங்களே டைப் பண்ணுங்க மாமா" என்று வேலையை என் தலையில் கட்டினாய். செய்தேன். ஒன்பதுக்கு விடை எண். ஏழாவதற்கு மட்டும் ஒரு சொல். ஒன்பதும் தேறின. ஏழாவது, "சோதனை 7: தோல்வி" என்றது. எதில் தோல்வி, எதனால் தோல்வி, மூச்சு விடவில்லை. ஊமை கண்ட கனவுதான். வெள்ளிக்கிழமைக்குள் பத்தும் தேறாவிட்டால் இந்த வேலை வேறு ஆளுக்கு, எனக்கு அடித்தளக் கிடங்கு என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

போனில் நீ என்ன சொன்னாய்? "தோல்வின்னு மட்டும் சொன்னா யாருக்கு என்ன புரியும்? எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன, ரெண்டையும் காட்ட வைங்க." வைத்தேன். காட்டியது:

எதிர்பார்த்தது: திரும்பியது
வந்தது: திரும்பியது

இரண்டும் ஒன்று! ஆனாலும் தோல்வி! எழுத்தெழுத்தாக எண்ணினேன், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இது கணினியின் வேலை இல்லை, யாரோ கை வைத்திருக்கிறார்கள். யார்? பக்கத்து மேசைக்காரர்தான். பதினோரு வருடமாகச் சேர்ந்து சாப்பிடுகிறோம். கூட இருந்தே குழி பறிப்பவர்களும் சேர்ந்துதானே சாப்பிடுவார்கள்? நேற்று மதியம் கை கழுவிவிட்டு வருகிறேன், மனிதர் என் நாற்காலியில்! "என்ன பண்றீங்க?" என்றேன். "ஒண்ணுமில்லண்ணே, சும்மா பாத்தேன்." சும்மா பார்க்கிறவர் எதற்கு இரண்டு கையாலும் கீபோர்டைத் தட்ட வேண்டும்? இன்று தனி மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். புகார் எழுதி, மேலாளர் அறைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல். குழந்தைக்கு என் முத்தம். யாரையும் நம்பாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன், ஆதாரத்துக்காகச் சோதனையை இன்னொரு முறை ஓட்டினேன்.

எதிர்பார்த்தது: [திரும்பியது ]
வந்தது: [திரும்பியது]

அடைப்புக்குறி நான் போட்டதல்ல. சோதனைக் கோப்பைத் திறந்தால் அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பு: "அண்ணே, கடைசியில இடைவெளி இருந்தா கண்ணுல படட்டும்னு போட்டேன். ஒவ்வொரு சொல் முடிஞ்சதும் நீங்க கட்டைவிரலால ஸ்பேஸ் பாரை ஒரு தட்டு தட்டுவீங்க." தட்டுவேன்தான். வெட்கமாகப் போய்விட்டது. அந்த இடைவெளியை அழித்தேன், பத்தும் தேறின. உடனே மேலாளர் அறைக்கு ஓடினேன். வெளியே போனவர் இன்னும் திரும்பவில்லை, கதவு பூட்டிக் கிடந்தது. குப்புறப் படுத்து ஸ்கேலை விட்டுத் துழாவினேன், எட்டவில்லை. "அண்ணே, இது நீளம்" என்று பின்னாலிருந்து ஒரு ஸ்கேல் வந்தது. பக்கத்து மேசைக்காரர். புகாரை இழுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். என்ன காகிதம் என்று அவர் கேட்கவே இல்லை. அதுதான் இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.