மூணு சுழி, ஒரு புள்ளி

"மாப்பிள்ளை எந்த ரூம்ல இருக்காருங்க?"

சுகாதார நிலையத்தின் கதவைத் திறந்த நர்ஸின் கையில் சாவி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. எதிரே ஓர் அம்மாள், கையில் மகளின் போட்டோவோடு நின்றாள்.

"எந்த மாப்பிள்ளை?"

"போர்டு வச்சிருக்கீங்களாமே. கல்யாணத்துக்கு டாக்டர் வர்றாங்கன்னு."

நர்ஸ் வாசலுக்கு ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தாள். நீலப் பெயின்ட்டில், அச்சடித்த மாதிரி அழகான எழுத்து: 'மணநல மருத்துவர் இன்று வருகிறார்.'

மூணு சுழி. மனசுக்குப் போட வேண்டிய இடத்தில் கல்யாணத்துக்கான 'ண'.

எழுதியது அவளுடைய தம்பி. அதைத்தான் அவளால் நம்ப முடியவில்லை.

போர்டு எழுதுவது அவன் தொழில். ஊரில் அவனுக்குப் பெயரே 'சுழி'. எந்தக் கடைப் பலகையில் சுழி கூடினாலும் குறைந்தாலும், கூலி கேட்காமல் ஏணி போட்டுத் திருத்திவிட்டுப் போவான். 'வென்னெய்' என்று எழுதி வைத்த பலசரக்குக் கடைக்காரரோடு ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசாமல் இருந்தவன்.

ஆனால் ஒரு வருஷமாக அவன் சரியாகத் தூங்குவதில்லை. வேலை இல்லாத நேரமெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். என்னடா என்று கேட்டால், "ஒண்ணுமில்லக்கா." அவள் துருவித் துருவிக் கேட்டுப் பார்த்தாள். சொல்வதற்கு அவனிடமே காரணம் இல்லை. டாக்டரைப் பார்க்கலாமா என்றதற்கு, "எனக்கென்ன பைத்தியமா?" என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். அவன் சரியென்று சொல்லியிருந்தாலும் பெரிய பிரயோஜனம் இல்லை. மனசு டாக்டர் இருக்கும் ஊருக்கு மூன்று பஸ் மாற வேண்டும். மூன்றாவது பஸ் வந்தால் வரும்.

எனவே நர்ஸ் மேலதிகாரிகளை நச்சரித்து, அவர்கள் அவளுடைய போன் நம்பரைப் பார்த்தாலே எடுக்காத அளவுக்கு நச்சரித்து, ஒரு டாக்டரை இங்கேயே வரவழைத்திருந்தாள். "முதல் நாள் கூட்டம் வந்தா மாசாமாசம் வருவாங்க. வராட்டி வண்டியை வேற பக்கம் அனுப்பிருவோம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். டாக்டர் தொடர்ந்து வந்தால் என்றைக்காவது தம்பியை உள்ளே தள்ளிவிடலாம் என்பது அவள் எண்ணம். போர்டு எழுதும் வேலையை அவனுக்கே கொடுத்தது, அந்த வார்த்தையாவது அவனுக்குப் பழகட்டும் என்றுதான்.

இப்போது அவனுக்குச் சுழியே மறந்துவிட்டதா?

போனில் கூப்பிட்டாள். "டேய், மனசுக்கு எத்தனை சுழி?"

"ரெண்டு."

"நீ எத்தனை போட்டிருக்க?"

"கை தவறிருச்சுக்கா."

"ஏணியை எடுத்துக்கிட்டு ஓடி வா."

அவன் வந்து ஏணியைச் சாய்த்ததும் போட்டோ அம்மாள் எழுந்து போய் அதன் அடியில் நின்றுகொண்டாள்.

"தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்ல."

"சொந்த வீடா?"

"அக்கா!" என்று ஏணியிலிருந்து குரல் வந்தது.

"அவனை விடுங்கம்மா, வேலை செய்யட்டும்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் உள்ளே போனாள். ஊசி போடும் அறையைப் பெருக்கினாள். மேஜையைத் துடைத்தாள். நாற்காலிகளை எதிரெதிரே போட்டுப் பார்த்தாள், போலீஸ் விசாரணை மாதிரி இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் போட்டாள், பஸ் மாதிரி இருந்தது. ஒருவழியாகக் கோணலாகப் போட்டு முடித்தபோது வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது.

கூட்டம்! நர்ஸ் சந்தோஷமாக ஓடினாள். வேலியோரம் புதிதாக ஒரு பள்ளம் இருந்தது. அதில் கால் வைத்து, விழப் பார்த்து, வாட்ச்மேன் தோளைப் பிடித்து நின்றாள்.

"யார் இங்க குழி தோண்டினது?"

"நாயா இருக்கும்மா" என்றார் வாட்ச்மேன், எங்கோ பார்த்துக்கொண்டு.

முற்றம் நிறைந்திருந்தது. எல்லார் கையிலும் பை. பைக்குள் மண்.

"என்னய்யா இது?"

"வயல் மண்ணு நர்ஸம்மா. விதைக்கிறதுக்கு முன்னால காட்டிரலாம்னு" என்றார் வரிசையில் முதலில் நின்ற உயரமான விவசாயி. "நமக்குத்தான் டாக்டர் இல்ல. மண்ணுக்காவது அனுப்புனாங்களே!"

நர்ஸ் மெதுவாகத் தலையை உயர்த்தினாள். 'மண்நல மருத்துவர் இன்று வருகிறார்.' மூணு சுழி அப்படியே இருந்தது. அதன் தலையில் பொட்டு வைத்த மாதிரி ஒரு புள்ளி.

"டேய்! சுழியை எடுக்கச் சொன்னா புள்ளி வைக்கிறியே. உனக்கு என்னடா ஆச்சு?"

"அவசரத்துல..." என்றான் தம்பி, பிரஷைப் பார்த்தபடி. "ஆனா கூட்டம் வந்திருக்கேக்கா. இப்படியே இருக்கட்டுமே."

"ஏமாத்திக் கூட்டம் சேர்க்கிறதா? இறங்கு நீ!"

பிரஷைப் பிடுங்கிக்கொண்டு அவளே ஏணியில் ஏறினாள். வெள்ளைப் பெயின்ட்டால் புள்ளியை அழித்தாள். ஒரு சுழியை வெட்டினாள். எழுத்து காய்ச்சல் கண்டதுபோல இளைத்தாலும் சரியாக இருந்தது.

கீழே யாரோ எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார்கள். "மன... நல... மனநல மருத்துவர்."

வரிசை கலையத் தொடங்கியது.

"அடடா, மோட்டாரை நிறுத்தாம வந்துட்டேன்" என்றார் ஒருவர்.

"அடுப்புல பாலு" என்றாள் ஒருத்தி.

"நான் சும்மா இவர்கூட வந்தேன்" என்றார் இன்னொருவர். அவர் காட்டிய திசையில் யாரும் இல்லை.

நர்ஸ் ஏணியிலிருந்து இறங்குவதற்குள் முற்றத்தில் போட்டோ அம்மாள் மட்டும் மிச்சமிருந்தாள். அவள் கண்ணாடி கொண்டு வரவில்லை; காதில் விழுந்ததும் 'மண' என்றுதான் விழுந்தது.

அந்த நேரம் பார்த்து டாக்டரின் வண்டி வந்து நின்றது. இளவயது டாக்டர் கையில் தண்ணீர் பாட்டிலோடு இறங்கினாள். காலி முற்றத்தைப் பார்த்தாள். "யாரும் இல்லையா சிஸ்டர்?"

"வருவாங்க மேடம். வந்துக்கிட்டே இருக்காங்க."

டாக்டர் உள்ளே போனதும் நர்ஸ் தம்பியை ஓரமாக இழுத்தாள். இந்த வண்டி இன்றைக்குச் சும்மா திரும்பினால் இனி வராது. தம்பியை மூன்று பஸ் ஏற்ற அவளால் முடியாது.

"டேய், அந்தச் சுழியைப் போடு."

"எந்தச் சுழி?"

"தப்பான சுழி."

"புள்ளி?"

"அதையும் வச்சுத் தொலை!"

அவள் சொல்லி முடிக்கும்போது அவன் ஏணியின் உச்சியில் இருந்தான். இந்த ஒரு வருஷத்தில் அவன் எதையும் இவ்வளவு வேகமாகச் செய்து அவள் பார்த்ததில்லை.

உள்ளே போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். "மண்ணோட வருவாங்க மேடம். தப்பா எடுத்துக்காதீங்க."

டாக்டர் சிரித்துவிட்டாள். "மண்ணு தானா நடந்து வராதே சிஸ்டர். கூட ஆளும் வருவாங்கல்ல? ஒவ்வொருத்தரா அனுப்புங்க. கதவை மட்டும் நல்லா சாத்திருங்க."

போர்டில் புள்ளி ஏறிய செய்தி எப்படியோ பரவியது. மோட்டாரை நிறுத்தப் போனவர் திரும்பி வந்தார். பால் பொங்கவில்லை போலிருக்கிறது, அவளும் வந்தாள். உயரமான விவசாயி பையோடு முதலில் உள்ளே போனார்.

கதவைச் சாத்தும்போது நர்ஸின் காதில் விழுந்தது. "நான் மண்ணு டாக்டர் இல்லைங்க, மனசு டாக்டர். வந்ததுதான் வந்தீங்க, கொஞ்சம் உட்காருறீங்களா?"

இதோ வெளியே வந்துவிடுவார் என்று நர்ஸ் காத்திருந்தாள். வரவில்லை. வெகுநேரம் கழித்து, துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு வந்தார்.

"மண்ணை உள்ளேயே விட்டுட்டீங்களே."

"அது கெடக்குது" என்றவர், வரிசையைப் பார்த்ததும் குரலை உயர்த்தினார். "என் மண்ணுல ஏதோ குறையாம்! அடுத்த மாசமும் வரணுமாம்!"

அதற்குப் பிறகு எல்லாருடைய மண்ணிலும் ஏதோ குறை இருந்தது. போட்டோ அம்மாளும் போய்விட்டு வந்தாள்.

"மாப்பிள்ளை கிடைச்சாரா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"அது மெல்ல கிடைக்கட்டும். எனக்கு முதல்ல தூக்கம் கிடைக்கட்டும்னு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காங்க" என்று போட்டோவைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

முற்றம் காலியானபோது டாக்டர் அடுத்த மாதத் தேதியைக் கேட்டு டிரைவரை நர்ஸிடம் அனுப்பியிருந்தாள். நர்ஸுக்கு நிம்மதியாக இருந்தது. இனி தம்பியிடம் பக்குவமாகப் பேசிப் பார்க்கலாம். பெண் பார்க்கிற மாதிரியா, மண் பார்க்கிற மாதிரியா, எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே அவனைத் தேடினாள். ஏணி சுவரில் சாய்ந்திருந்தது. பிரஷ் டப்பாவுக்குள் கிடந்தது. ஆளைக் காணோம்.

டாக்டர் அறையின் கதவு இன்னும் சாத்தியிருந்தது.

"உள்ள யாரு?" என்று வாட்ச்மேனிடம் கேட்டாள்.

"கடைசி ஆளும்மா. உள்ள போய் ரொம்ப நேரமாச்சு."

கதவருகே ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. இரண்டிலும் நீலப் பெயின்ட் தெறித்திருந்தது.

நர்ஸ் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள். "மண்ணு கொண்டு போனானா?"

"ஆமாம்மா. பை நிறைய."

"அவனுக்கு ஒரு சாண் நிலம்கூட கிடையாதே!"

வாட்ச்மேன் வேலியோரப் பள்ளத்தைப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"அது நாய் தோண்டுனது இல்லம்மா. புள்ளி வைக்கிறதுக்கு முன்னாலயே தம்பிதான் அங்க ஒரு பை மண்ணு தோண்டி வச்சுக்கிட்டாரு."