மூணு மாசமா முழுகல

மூக்குக்கண்ணாடி இல்லாமல் செய்யக்கூடாத காரியங்கள் இரண்டு. ஒன்று, அரிசியில் கல் பொறுக்குவது. மற்றொன்று, வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புவது. முதலாவதில் பல் போகும், இரண்டாவதில் மானம் போகும். எனக்குப் பல்லெல்லாம் இன்றைக்கும் பத்திரமாக இருக்கிறது.

ஐம்பதை நெருங்கும்போது என் உடம்பு என்னைக் கேட்காமலே தனிக்குடித்தனம் போய்விட்டது. ஊரெல்லாம் மார்கழி என்றால் எனக்கு மட்டும் சித்திரை. மாதவிலக்கு விடைபெற்றுப் போனது. போகும்போது என் தூக்கத்தையும் இடுப்பையும் கையோடு எடுத்துக்கொண்டு போனது. பள்ளிக்கூடத்தில் நான் தமிழம்மா. எட்டாம் வகுப்பில் வினைத்தொகை நடத்திக்கொண்டிருக்கும்போது திடீரென்று கண்ணீர் கொட்டும். ('ஊறுகாய்'னு போர்டுல எழுதிட்டு டீச்சர் அழுதாங்க என்று பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கின்றன.)

டாக்டரம்மா 'மெனோபாஸ்' என்றார். பிரஷரும் இருக்கிறது, ஊறுகாயை விடுங்கள், நடங்கள், எடையைக் குறையுங்கள் என்றார். பிரஷர் விஷயத்தை மட்டும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மற்றதை எப்படிச் சொல்வது? செய்தித்தாளுக்குப் பின்னால் இருக்கும் மனிதரிடம் எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

என்னைக் காப்பாற்றியவர்கள் தச்சநல்லூரில் எங்கள் தெருவில் இருக்கும் இரண்டு பெண்கள். ஒருத்தி எதிர்வீட்டுக் கோமதி. அவள் வீட்டுக்காரர் பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். எனக்கு வந்த அதே நெருப்பு அவளுக்கும் வந்திருந்தது. இன்னொருவர் ஆவுடை அக்கா. ஓய்வுபெற்ற விளையாட்டு டீச்சர். அக்காதான் ஓய்வு பெற்றார், விசில் ஓய்வு பெறவில்லை. அந்த நெருப்பாற்றை என்றைக்கோ நீந்திக் கரையேறிவிட்டதால், அவர்தான் எங்களுக்குத் தளபதி.

வாரம் முழுக்க காலை நடை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடித்துக் குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றில் குளியல். அதில் அக்கா ரொம்பக் கறார். "கால நனைச்சிட்டு வாரதுக்கு இது கோயில் குழாய் இல்ல. உச்சந்தல உள்ள போகணும். முழுகுனாத்தான் கணக்கு," என்பார். தலைக்கு மேல் தாமிரபரணி ஓடும்போது உள்ளே எரிந்துகொண்டிருக்கும் அடுப்பு அணையும் பாருங்கள், அந்தச் சுகத்தை என்னவென்று சொல்வேன்! யாராவது அழுதால் ஏன் என்று கேட்கக்கூடாது என்பது எங்கள் சட்டம். அழுது முடிக்கும்வரை மற்ற இருவரும் படியில் உட்கார்ந்து அவித்த காணப்பயறு தின்போம். முடிந்ததும் கோமதி, "முடிஞ்சிட்டா? சரி, முழுகு," என்பாள். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? எங்கள் ஊரில் கொள்ளுக்குக் காணம் என்று பேர், அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு எடை இறங்க ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்து மகள் காயத்ரிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு சாத்தான்குளம். நல்ல மனிதர்கள். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா சொர்ணம் மதினி அதிகம் பேசமாட்டார். பார்வையாலேயே நம்மை எடை போடுகிறவர் மாதிரி எனக்கு ஒரு பயம். கல்யாணத்துக்கு ஆறு மாதம் இருந்தது. புடவை, பத்திரிகை, மண்டபம் என்று அலைந்ததில் ஆற்றுப் பக்கமே நான் எட்டிப் பார்க்கவில்லை. சமையலுக்கு ருசி பார்க்கிறேன் என்று சொல்லிச் சொல்லித் தின்றதில் இறங்கிய எடை வட்டியோடு திரும்பி வந்தது. நிச்சயதார்த்த ரவிக்கையைத் தையற்காரர் இரண்டு தடவை பிரித்தார். மூன்றாவது தடவை, பிரிக்க உள்ளே துணி இல்லை என்று கையை விரித்துவிட்டார்.

வராதவர்கள் குழுவில் தங்கள் வாயாலேயே காரணம் சொல்ல வேண்டும் என்று அக்கா உத்தரவு போட்டிருந்தார். "எழுத்தெல்லாம் செல்லாது. குரல்ல நடுக்கம் கேக்கணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் இருவரும் ஆற்றுக்குப் போயிருந்த நேரத்தில், பாவமன்னிப்புக் கேட்க உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் உடம்பு தணலாக ஏறியது. வியர்வை கைபேசியில் சொட்டியது. கண்ணாடி ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. எங்கள் குழுவின் பெயர் 'காலை நடை'. அதற்கு மேலேயே இருந்தது 'கல்யாண வேலை', இரண்டு வீட்டாரும் உள்ள குழு. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு 'க' மட்டும்தான். அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினேன்:

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க, என்னத் திட்டாதிய. மூணு மாசமா முழுகல. வயிறு நல்லா முன்னால வந்துட்டு. மாங்கா ஊறுகாயக் கண்டா கை நிக்க மாட்டேங்கு. வீட்டுல அவுகளுக்குத் தெரியாது, தெரிஞ்சா ஆடித் தீத்துருவாக. கல்யாணத்துக்குள்ள எப்படியாச்சும் இறக்கிரணும். நீங்கதான் கூட இருந்து பாத்துக்கிடணும்."

பாரம் இறங்கிய நிம்மதியில் போய்க் காணத் துவையல் அரைத்தேன். கைபேசி கிணுகிணு என்று கத்திக்கொண்டே இருந்தது. அக்கா திட்டுகிறார் என்று நினைத்து அந்தப் பக்கமே போகவில்லை. கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து காயத்ரி கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

"அம்மா, நெசமாவே முழுகாம இருக்கியா?"

"ஆமாட்டி. மூணு மாசம் ஆச்சு. உன் கல்யாணச் சோலியில எங்க நேரம்?"

"இதுக்கும் என் கல்யாணத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"அது முடியட்டும். அப்புறம் வாராவாரம் முழுகிருவேன்."

 "அம்மா, கண்ணாடியப் போட்டுட்டு குரூப்பப் பாரு," என்றாள்.

பார்த்தேன். முதல் பதில் என் வீட்டுக்காரருடையது. சமையல்காரரைப் பார்க்கப் போன இடத்திலிருந்து கட்டைவிரலைத் தூக்கியிருந்தார். (நான் பேசியதை அவுக கேட்டு வருசக்கணக்கு ஆச்சு. எது வந்தாலும் கட்டைவிரல்தான்.) தகப்பனே ஒப்புதல் கொடுத்துவிட்ட பிறகு மற்றவர்களுக்கு என்ன தயக்கம்? சென்னைக் கொழுந்தன், "வாழ்த்துகள் மதினி, தைரியமா இருங்க," என்று எழுதியிருந்தான். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒரு குழந்தைப் படம் போட்டிருந்தார்.

அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கத்தில் ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்றால் அவள் பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று அர்த்தம். காயத்ரி வயிற்றில் இருந்தபோது என்னைப் பற்றியே ஊர் அப்படித்தான் பேசியது. இத்தனை வருடம் இரட்டுறமொழிதல் நடத்திய தமிழம்மா, நானே இரட்டைப் பொருளில் பேசியது மட்டுமல்லாமல் மாங்காயையும் வயிற்றையும் சான்றாக வேறு காட்டியிருக்கிறேன்.

பதறிப்போய்ச் செய்தியை அழித்தேன். அதிலும் என் கை சாமர்த்தியம், 'எனக்கு மட்டும் நீக்கு' என்பதை அழுத்தியது. ஆக, உலகத்திலேயே அந்தச் செய்தியைக் கேட்க முடியாத ஒரே ஆள் நான்தான்.

"அத்தை கார் எடுத்துட்டுக் கிளம்பிட்டாங்களாம்மா. கல்யாணத் தேதியப் பத்தி நேர்ல பேசணுமாம். போன எடுக்க மாட்டேங்காங்க," என்றாள் காயத்ரி. அழுகையை அடக்கிக்கொண்டு பேசினாள்.  மூன்று வருடம் காத்திருந்து இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைத்த பெண் அவள். அவள் கல்யாணம் என் வாயால் நின்றுபோகுமா?

ஈரத்தலையோடு ஆட்டோவிலிருந்து இறங்கிய அக்காவையும் கோமதியையும் வாசலிலேயே மடக்கி விஷயத்தைச் சொன்னேன். கோமதி சிரித்த சிரிப்பில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை. "வரட்டும். நாங்க ரெண்டு பேரும் இங்கன இருக்கோம். நீ மூஞ்சியக் கழுவு," என்றார்.

கார் வந்து நின்றது. சொர்ணம் மதினி கையில் பெரிய பை. உள்ளே வந்தவர் கதவைச் சாத்தினார். நான் வாயைத் திறக்கும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மதினி, நடந்தது நடந்து போச்சு. கடவுள் குடுத்தத வேண்டாம்னு சொல்ல நாம யாரு? வெக்கப்படாதிய. எங்க வீட்டுல யாரு என்ன பேசினாலும் நான் பாத்துக்கிடுதேன். கல்யாணத்த வார மாசமே வச்சிருவோம். அப்பம்னா வயிறு ரொம்ப வெளிய தெரியாது."

பையிலிருந்து கருப்பட்டி வந்தது. உளுந்து வந்தது. மாதுளம்பழம் வந்தது. அடியில் ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாய். எந்த மனுஷியைப் பார்த்து நான் பயந்துகொண்டிருந்தேனோ, அவர் எனக்குச் சீர் கொண்டு வந்திருக்கிறார். உண்மையைச் சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் அந்தப் பாழாய்ப்போன தணல் ஏறி, ஓவென்று அழுதுவிட்டேன். எங்கள் சட்டப்படி கோமதி ஒன்றும் கேட்கவில்லை. கையில் காணப்பயறு மட்டும்தான் இல்லை.

"மாசமா இருக்கையில இப்படி அழப்பிடாது மதினி," என்று சொர்ணம் மதினி என் முதுகைத் தடவ, அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏளா, அவ எங்க மாசமா இருக்கா? அந்த முழுக்குச் சோலியே அவளுக்கு முடிஞ்சு வருசம் ஆச்சு. ஆத்துல போயி முழுகலன்னு சொல்லிருக்கா, கூறுகெட்டவ."

சொர்ணம் மதினி என்னைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். "அப்பம்னா இது என்ன?"

"அல்வா," என்றேன்.

அவர் முகம் கோணியது. போச்சு, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர் சிரித்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"எனக்குந்தான் மதினி. ஒரு வருசமா உடம்பு எரியுது. வீடு முழுக்க ஆம்பிளைய. யாருட்ட சொல்ல? திடீர்னு கோவம் வருது, அழுக வருது. பைத்தியந்தான் பிடிக்குதோன்னு பயந்து போயிக் கெடந்தேன். வாயத் திறந்தா அழுதுருவேன்னுதான் யாருட்டயும் பேசுததே இல்ல."

பேசாத மனுஷி என்று நான் பயந்ததற்கு இதுதானா காரணம்! எழுந்து அவரைக் கட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் வியர்வையில் ஊறியிருந்தோம். எங்களுக்கு நடுவில் மாதுளம்பழம் ஒன்று மாட்டிக்கொண்டது. கோமதி முறத்தை எடுத்து எங்கள் இருவருக்கும் சேர்த்து விசிறினாள்.

அந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். நான்கு பெண்கள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருப்பதைப் பார்த்துத் தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று வாசலைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் மிகவும் பெருமையாகச் சொன்னார்:

"தம்பி போன் பண்ணினான். ஒரே சந்தோசம் அவனுக்கு. இந்த வயசுல உனக்கு எவ்வளவு தெம்புண்ணே அப்படிங்கான். நம்ம கையில என்னடே இருக்கு, எல்லாத்தையும் உங்க மதினிதான் சுமக்கா, நான் சும்மா கூட நிக்கேன்னு சொன்னேன்."

அக்கா அவர் கையிலிருந்த கைபேசியை வாங்கி, என் செய்தியை ஓடவிட்டுக் காதருகே பிடித்தார். கல்யாணமான நாளிலிருந்து நான் பேசியதை அவர் முழுதாகக் கேட்டது அன்றைக்குத்தான். திருதிருவென்று விழித்தார். மாலையில் நான் படுக்கும் பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன் வந்து நின்றது.  அவருக்கு அவ்வளவுதான் வரும். எனக்கு அது போதும்.

கல்யாணம் குறித்த தேதியில் ஜாம்ஜாமென்று நடந்தது. அதற்குள் ஒரு ஞாயிறு விடாமல் சொர்ணம் மதினி சாத்தான்குளத்திலிருந்து ஆற்றுக்கு வந்துவிட்டார். எனக்கு எடை கொஞ்சம் இறங்கியது, ரவிக்கை கொக்கியும் மாட்டியது. மண்டபத்தில் என்னைப் பார்த்த சொந்தக்காரர்கள் எல்லாரும் முதலில் வயிற்றைப் பார்த்தார்கள், அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார்கள். (இதைவிட எடை குறைக்கத் தூண்டும் மருந்து வேறு கிடையாது.) இன்றைக்கும் கொழுந்தன் போனை எடுத்ததும், "முழுகியாச்சா மதினி?" என்றுதான் ஆரம்பிப்பான்.

போன ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் நால்வரும் குறுக்குத்துறைப் படியில் உட்கார்ந்திருக்கும்போது காயத்ரியிடமிருந்து குரல் செய்தி வந்தது. "அம்மா, அத்தை, ரெண்டு பேரும் கேளுங்க. நான் முழுகாம இருக்கேன்."

சொர்ணம் மதினி கைபேசியை என்னிடமிருந்து பிடுங்கினார். "அதுக்கென்னட்டி, வார ஞாயித்துக்கிழம பஸ் ஏறி வா. சேந்து முழுகிருவோம்."

உடனே அவள் கூப்பிட்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத குரல்.

"அத்தை, இது ஆத்துல தீருத சோலி இல்ல."

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆவுடை அக்கா இடுப்பிலிருந்து விசிலை எடுத்து ஊதிய ஊதலில் படித்துறையே திரும்பிப் பார்த்தது. கைபேசியைக் கோமதி கையில் திணித்துவிட்டு, சம்பந்திகள் இருவரும் கையைக் கோத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினோம். அவளுக்கும் சேர்த்து முழுகினோம்.