கொப்பாயியின் காலும் ஆற்றங்கரை நண்டுகளும்

ஒரு காட்டில், அதாவது டோக்கன் வாங்காமல் தும்மக்கூட முடியாத ஒரு காட்டில், கொப்பாயி என்றொரு யானை இருந்தாள். பாவம், அவளுக்கு முன்னங்காலைத் தூக்க வரவில்லை. மறுநாளோ கூட்டம் ஆற்றைக் கடந்து மூங்கில்மலைக்குப் புறப்படுகிறது. நொண்டிக்காக யார் நிற்பார்கள்?

ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று ஆந்தை டாக்டரைப் பார்த்தாள்.

"தசையை ஆட்டிவைக்கிற நரம்பு செல்லில் கோளாறம்மா," என்றார் டாக்டர். "ஜீன் சொல்லும் உத்தரவை ஆர்.என்.ஏ. என்று நகல் எடுப்பார்கள். அதில் வீண்பேச்சும் கலந்திருக்கும். அதை நறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தை ஒட்டித்தான் வெளியே அனுப்பவேண்டும். வீண்பேச்சு ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள ஒரு புரதம் உண்டு. கொடுக்கு வைத்த நண்டு மாதிரி என்று வைத்துக்கொள்; செல்லின் உட்கருதான் அதற்கு வளை. உனக்கு அந்த நண்டு வளையை விட்டு வெளியே வந்து கும்பலாகக் கிடக்கிறது. உள்ளே உத்தரவு குளறுகிறது, நரம்பு துவள்கிறது."

"நண்டு உள்ளே போனால் கால் சரியாகுமா, ஐயா?"

"போனால் நல்லதுதான். அனுப்பும் வழியைத்தான் இன்னும் தேடுகிறோம்."

பின்னால் நின்ற மந்திக்குக் கை சும்மா இருக்குமா? பேச்சைப் போனில் பிடித்து, முன்னும் பின்னும் நறுக்கி, காட்டு குரூப்பில் போட்டது: 'நண்டு வளையை விட்டு வெளியே கிடக்கிறது. உள்ளே போனால் கொப்பாயிக்குக் கால் சரியாகும்.'

அவ்வளவுதான், காடே ஆற்றங்கரைக்கு ஓடியது. கூட்டத்தின் தலைவி மாராக்கா பயணத்தை நிறுத்திவிட்டாள். "நம்ம பிள்ளை கால் இது. ஒரு நண்டுகூட வெளியே இருக்கக்கூடாது."

நண்டுகளா கேட்கும்? இந்த வளையில் தள்ளினால் அந்த வளையில் எட்டிப்பார்த்தன. "நாங்க என்னங்க பண்ணினோம்?" என்று அழுதன. கிடைத்த தும்பிக்கையைக் கடித்தும் வைத்தன. இந்தக் கூத்திலேயே நாள் ஓடிப்போய், மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் வெள்ளம் புரண்டது.

டாக்டர் நனைந்துகொண்டே வந்தார். "நான் உதாரணம்தானே சொன்னேன்."

"அதை முதலிலேயே சொல்லித் தொலைக்கக்கூடாதா?" என்றாள் மாராக்கா. "இனி மழை விடும்வரை எல்லோரும் இங்கேதான்."

கொப்பாயியின் கால் இம்மியும் அசையவில்லை. ஆனால் சேறும் சகதியுமாகக் கூட்டம் முழுக்க அவளைச் சுற்றி நின்று, யாருக்கு நண்டுக்கடி அதிகம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நோயாளி ஆயிற்றே என்று முகத்தை மட்டும் வாட்டமாக வைத்துக்கொண்டாள்.

நீதி: நோய்க்கு உவமை சொன்னால், ஊர் உவமைக்குத்தான் வைத்தியம் பார்க்கும். ஆகையால் படுக்கிறவர்கள் நல்ல உவமை உள்ள நோயாகப் பார்த்துப் படுக்கவும்.