கொள்ளிக்கண்ணியும் ஜாதக சிஸ்டரும்

பாலக்காட்டுக்குக் கிழக்கே எங்கள் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர்களில், ஜாதக சிஸ்டரிடம் தன் வம்சாவளியை ஒப்பிக்காமல் ஒரு காய்ச்சல் மாத்திரையை விழுங்கியவர் ஒருவர்கூடக் கிடையாது. மயக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அவர்களுக்கும் கண் விழித்ததும் பாக்கி விசாரணை நடக்கும்.

அவருடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டோடு சரி. டாக்டர் முதல் கூட்டிப் பெருக்குபவர் வரை எல்லோருக்கும் அவர் ஜாதக சிஸ்டர்தான். மாத்திரைக் கிண்ணத்தோடு கட்டிலருகே போய் நின்று ஆரம்பிப்பார்.

"பேரென்னங்க?"

"ஆறுச்சாமிங்க."

"ஊரு எதுங்க? தோட்டத்துல தென்னைங்களா, நெல்லுங்களா? பெரியவரு பேரு என்னங்க? பொண்ணு எடுத்தது எங்கீங்க?"

இதற்குள் பாதிப் பேருக்குத் தலைவலி தானாகவே போய்விடும். ஒரு பெரியவர் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார். "ஏனுங் சிஸ்டர், மாத்திர குடுக்கப் போறீங்களா, பொண்ணு குடுக்கப் போறீங்களா?"

"ஆளு மாறிக் குடுத்துட்டா ரண்டுமே வம்புதானுங்க. வாயத் தொறங்க" என்றார் சிஸ்டர்.

நான் சித்திரபுரத்தில் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்தவன். நர்சிங் படித்து அந்த ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டுக்கு வேலைக்கு வந்த முதல் நாளே என்னையும் நிறுத்திவைத்துக் கேட்டார்.

"தேயிலைக் காட்டு ஆளா? உங்கப்பாரு பேரென்ன கண்ணு?"

"எதுக்குக்கா? நான் வேலைக்குல்ல வந்துருக்கேன், சீக்குக்கா வந்தேன்?"

"இன்னைக்கு வேலைக்கு வந்திருக்கற. நாளைக்கே சீக்குல வந்து, வாய் பேச முடியாமக் கெடந்தீன்னா அப்ப ஆருகிட்டப் போயிக் கேக்கறது?"

அந்தத் தீர்க்கதரிசனத்தில் ஆடிப்போய் என் தாத்தா பேர் வரை சொல்லிவிட்டேன்.

இப்படி நடந்துகொண்டிருந்த ராஜ்ஜியத்தில்தான் பார்கோடு மெஷின் வந்து இறங்கியது. கொச்சியிலிருந்து வந்த கம்பெனிக்காரர் எங்களையெல்லாம் உட்காரவைத்து விளக்கினார். நோயாளியின் மணிக்கட்டில் கோடு போட்ட பட்டை இருக்கும். முதலில் அதை மெஷினுக்குக் காட்ட வேண்டும். பிறகு மருந்தைக் காட்ட வேண்டும். மருந்து அவருக்குரியது என்றால் பச்சை விளக்கு, குயில் போல ஒரு சின்னச் சத்தம். இல்லையென்றால் சிவப்பு விளக்கு, வாலை மிதித்த பூனை போல ஓர் அலறல்.

"மனுசனுக்குப் போயி சோப்புக் கட்டியாட்டக் கோடு போட்டு வெச்சிருக்கறாங்க" என்றார் சிஸ்டர். அந்தச் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்ததும் மெஷினுக்கு அங்கேயே பெயரும் வைத்துவிட்டார்: கொள்ளிக்கண்ணி.

மற்ற நர்சுகளின் அபிப்பிராயம் பலவிதம். எனக்கு முக ஞாபகம் கொஞ்சம் மட்டு என்பதால் உள்ளூர மகிழ்ச்சி. வடக்கஞ்சேரிப் பக்கத்திலிருந்து வந்த ஷைனிக்கோ வேறு கணக்கு. "இனி தப்பு வந்நா மெஷின் மேல போடலாமல்லோ!" ஆனால் ஒரு வாரத்தில் அவளுக்கும் அலுத்துவிட்டது. நோயாளி குளித்துவிட்டு வந்தால் பட்டை சுருங்கிப்போகும், மெஷின் படிக்காது. மெஷின் உட்கார்ந்திருந்த வண்டி இரண்டு கட்டில்களுக்கு நடுவே புகாது. புகுந்தால் சார்ஜ் போய்விடும்.

வழி கண்டுபிடிப்பதில் நர்சுகளை மிஞ்ச ஆள் கிடையாது. ஒவ்வொரு நோயாளிக்கும் கூடுதலாக ஒரு பட்டை அடித்து, எங்கள் மேஜைக்குப் பக்கத்தில் ஆணியில் கொத்தாகத் தொங்கவிட்டோம். இருந்த இடத்திலேயே பட்டையைக் காட்டு, மருந்தைக் காட்டு, பச்சை. பிறகு மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு போ. கம்ப்யூட்டரைக் கேட்டால் எல்லாம் கட்டிலருகே முறைப்படி நடந்ததாகவே சொல்லும். சிஸ்டருக்கும் இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. கொள்ளிக்கண்ணி மேஜையோடு நின்றுகொள்ளும், அவர் போய் நிம்மதியாக ஜாதகம் பார்க்கலாம்.

ஒரு தடவை அவர் உறவுக்காரர் கல்யாணத்துக்கு லீவில் போய்விட்டுத் திரும்பினார். அந்த இடைவெளியில் வார்டில் இரண்டு பழனிச்சாமிகள் வந்து படுத்திருந்தார்கள். ஒரே ஊர், ஒரே தோட்டம். அண்ணன் தம்பி மக்களான இருவருக்கும் ஒரே தாத்தாவின் பெயர். மூக்கும் மீசையும்கூட ஒரே அச்சு. ஒருவருக்குச் சர்க்கரை ஏறிப்போயிருந்தது. இன்னொருவர் குடலிறக்க ஆபரேஷனுக்காக வந்தவர். பட்டை அடிக்கும் ரோல் தீர்ந்துபோனதால் இந்த இருவருக்கு மட்டும் ஆணியில் பட்டை இல்லை. ஆகவே காலை இன்சுலின் ஊசிக்குச் சிஸ்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டே போக வேண்டியதாயிற்று. நான் எதிர்க் கட்டிலில் ஒருவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன்.

"பழனிச்சாமிங்களா?"

"ஆமாங்."

கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஊர், தோட்டம், தாத்தா பேர் எல்லாம் கேட்டார். எல்லாம் பொருந்தியது. பத்துப் பொருத்தமும் பார்த்த திருப்தியோடு பட்டையைக் காட்டினார். திரையிலும் பழனிச்சாமி என்றே வந்தது. இன்சுலினைக் காட்டினார். மெஷின் அலறியது.

மறுபடி காட்டினார். மறுபடியும் அலறல். வார்டே திரும்பிப் பார்த்தது.

"ஏ கொள்ளிக்கண்ணி! நீயேதான் பழனிச்சாமின்னு எழுதியிருக்கற, நீயே இல்லேங்கற! உனக்கென்ன புத்தி பெசகிப்போச்சா?"

கட்டிலில் இருந்தவர் சட்டையை மேலே தூக்கிக்கொண்டு வக்காலத்துக்கு வந்தார். "நாந்தானுங் பழனிச்சாமி. அது கெடக்குது, நீங்க குத்துங்க."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் குத்தியிருப்பார்கள். சிஸ்டருக்கோ மெஷினிடம் தோற்க மனமில்லை. அதை மட்டம்தட்டிவிட்டுத்தான் ஊசி போடுவதென்று அதன் கண்ணாடியைத் துடைத்தார், பட்டையை நீவினார், மெஷினின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார், திட்டினார், மறுபடி காட்டினார். இந்தச் சண்டை முடிகிற மாதிரி இல்லை. பக்கத்துக் கட்டில்காரர் மெல்லக் கூப்பிட்டார்.

"ஏனுங் சிஸ்டர், அந்தச் சக்கர ஊசி எனக்குங்களாட்ட இருக்குது. நானும் பழனிச்சாமிதானுங்க. இவன் ஃபேனுக்கு அடீல படுக்கோணும்னான், கட்டல மாத்திக்கிட்டமுங்க. சீக்கிரம் போட்டீங்கன்னா இட்லி ஆறிப்போகாதுங்க."

வார்டு சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. சர்க்கரையே இல்லாத மனிதருக்கு, வெறும் வயிற்றில், அத்தனை இன்சுலின் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். சிஸ்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். உள்ளங்கையைச் சேலையில் துடைத்தார். பக்கத்துக் கட்டிலுக்குப் போய், உரியவருக்குப் பட்டையையும் மருந்தையும் காட்டினார். பச்சை. ஊசி போட்டுவிட்டு நேரே மேட்ரன் அறைக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"மேடம், நான் இன்னைக்கு ஆள் மாத்தி ஊசி போடப் பாத்தனுங்க."

மேட்ரன் எழுந்து கதவைச் சாத்தினார். "போட்டில்லல்லோ? பின்னெ எந்தா? ஆரும் கண்டில்ல, விட்டுக்களையூ சிஸ்டர்" என்று விஷயத்தை அங்கேயே விடச் சொன்னார்.

"நான் கண்டனுங்களே மேடம்."

சிஸ்டருடைய குரலுக்குச் சாத்திய கதவெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

திரும்பி வந்தவர் முதல் வேலையாக ஆணியிலிருந்த பட்டைக் கொத்தைப் பிடுங்கி, கத்திரியால் துண்டு துண்டாக நறுக்கினார். "இதுல அந்தச் சக்கரக்காரரு பட்டையும் தொங்கியிருந்தா, இங்கயே பச்ச காட்டிட்டு அங்க போயிக் குத்தியிருப்பேன்" என்றார்.

அந்த வாரம் முழுக்க ஷைனி அவரோடு பேசவில்லை. "சேச்சிக்கு மெஷின் பிராந்து" என்று, பைத்தியம் பிடித்தவரைச் சொல்வதுபோல் எங்களிடம் பொருமினாள். ஒவ்வொரு கட்டிலுக்கும் வண்டியை இழுத்து முதுகு போனவர்கள் எல்லோரும் அவள் கட்சி. சாப்பாட்டு அறையில் ஜாதக சிஸ்டர் டிபன் பாக்ஸோடு தனியாக உட்கார்ந்திருந்தார். கேள்வி கேட்க ஆள் இல்லாத ஜாதக சிஸ்டரைப் பார்க்கச் சகிக்கவில்லை. நான் போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"ஏங்க்கா, எங்க தாத்தாவோட அப்பா பேரு கேக்கலயே நீங்க?"

"மாடசாமிதான கண்ணு? உங்கம்மா உன்னையப் பாக்க வந்தப்பவே கேட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு, அப்போதுதான் முதல் வாய்ச் சோறு எடுத்தார்.

மறுநாள் மேனேஜர் கூட்டம் போட்டார். பட்டையைத் தொங்கவிட்டது யார் என்று எங்களைக் காய்ச்ச ஆரம்பித்ததும் சிஸ்டர் எழுந்தார்.

"நனைஞ்சாச் சுருங்கற பட்டையும், சந்துல போகாத வண்டியும் வாங்கிக் குடுத்துட்டு, புள்ளைகளத் திட்டறது நாயமுங்களா? நீங்களே ஒரு நாளைக்குத் தள்ளிப் பாருங்க. நான் கூட வாரனுங்க."

மேனேஜர் தள்ளிப் பார்த்தார். சிஸ்டர் கூடவே போய், வழியெல்லாம் அவருடைய பூர்வீகத்தையும் விசாரித்தார். வார்டின் பாதியிலேயே மேனேஜர் சரணடைந்தார். கையில் பிடிக்கும் சின்ன மெஷின்களும் நனையாத பட்டைகளும் வந்து சேர்ந்தன. அன்று ஷைனி டீ வாங்கிக்கொண்டு வந்து சிஸ்டர் முன்னால் வைத்தாள்.

அதன்பின் கொள்ளிக்கண்ணி "அம்மிணி" ஆகிவிட்டது. ஆயுத பூஜை அன்று அம்மிணிக்குச் சிஸ்டர் பக்தியோடு சந்தனம் குங்குமம் வைத்தார். சரியாகக் கண்ணாடியின் மேலேயே வைத்தார். அன்று காலை முழுக்க ஒரு கோட்டையும் அது படிக்கவில்லை. ஸ்பிரிட் பஞ்சால் நான் துடைக்கத் துடைக்க, "கண்ணு பத்தரம், கண்ணு பத்தரம்" என்று பக்கத்தில் நின்று பதறினார். என்னைச் சொல்கிறாரா, மெஷினைச் சொல்கிறாரா என்று தெரியவில்லை.

ஜாதகம் பார்ப்பதை மட்டும் அவர் விடவே இல்லை. பச்சை விளக்கு எரிந்த பிறகும் பெண் எடுத்த ஊர்வரை கேட்டுவிட்டுத்தான் மாத்திரையைக் கொடுத்தார்.

போன வருஷம் மகளோடு இருக்கப்போவதாகச் சொல்லி, வேலையை விட்டுவிட்டுக் கோயமுத்தூர் போய்விட்டார். இப்போது எங்கள் வார்டில் காலை மருந்து கொடுக்கும் வேலை மளமளவென்று முடிந்துவிடுகிறது. மிச்சமாகும் நேரத்தை என்ன செய்வதென்றுதான் எங்கள் யாருக்கும் தெரியவில்லை.