சோபாவுக்கும் சேர்த்து வந்த வியாதி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதற்குத் தங்கள் மகள் தடை போட்டுவிட்டாள். "யாரைக் கேட்டு நலம்னு எழுதுறீங்க மாமா? பூனையைக் கேட்டீங்களா, சோபாவைக் கேட்டீங்களா?" என்கிறாள். ஆகவே தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாயிருக்க வேண்டிக்கொண்டு, என் நிலைமைக்கு வருகிறேன்.

போன வாரம் என் இடது கையில் வட்டமாக ஒரு படர்தாமரை. களிம்பு கேட்கலாமென்று மருமகளிடம் காட்டினேன். துள்ளிக் குதித்தாள் சம்பந்தி! என் வியாதியைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் கண்டதில்லை. மனிதன், விலங்கு, சுற்றுச்சூழல் மூன்றின் ஆரோக்கியமும் ஒன்றுதான் என்று கல்லூரியில் பாடம் நடத்துகிறாள் அல்லவா, அந்த ஆராய்ச்சிக்கு உதாரணம் தேடி ஊரெல்லாம் அலைந்தவளுக்கு அது வீட்டு ஹாலிலேயே கிடைத்துவிட்டது. உடனே டார்ச் அடித்து எங்கள் பூனையைப் பிடித்தாள் (ஒரு வேலையும் செய்யாமல் எல்லாரையும் மேற்பார்வை பார்ப்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர்). அதன் காதுக்குப் பின்னாலும் அதே வட்டம். பிறகு ஒரு டூத்பிரஷ் எடுத்துப் பூனையை வாரினாள், இன்னொன்றால் என் சோபாவை வாரினாள். அன்றிலிருந்து நான் நிம்மதியாகப் பல் தேய்க்கவில்லை. பரிசோதனையில் மூன்று பேருக்கும் ஒரே பூஞ்சையாம், சோபாவுக்குப் பின்னால் குழாய் கசிந்து சுவர் வேறு ஊறிக் கிடக்கிறதாம். யார் யாருக்குக் கொடுத்தது என்று கேட்டதற்கு என் மனைவி, "இவர்தான் குடுத்திருப்பாரு. பூனை நக்கியாவது சுத்தமா இருக்கு" என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

இப்போது எனக்கும் பூனைக்கும் மருந்து, குழாய்க்கு பிளம்பர், சோபா மட்டும் வீட்டை விட்டு வெளியே! "சொறிஞ்சது நானு, சோபா என்னம்மா பண்ணுச்சு?" என்றேன். "உங்களுக்குச் சரியானதும் அது திருப்பிக் குடுக்கும் மாமா. அதான் பாடமே" என்கிறாள். ஓய்வுபெற்ற நாளிலிருந்து நான் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமாக்கிய சோபா அது. வேறு எதில் உட்கார்ந்தாலும் என் வீட்டிலேயே நான் விருந்தாளி மாதிரி இருக்கிறேன், மனசே கேட்கமாட்டேங்குது. வெள்ளிக்கிழமை வண்டி வருகிறது. போனில் பேசினால் அவள் காதில் விழும் என்றுதான் கடிதம். தாங்கள் சொன்னால் கேட்பாள், கொஞ்சம் அதட்டியே சொல்லுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள். தங்கள் வீட்டு நாயையும் சுவரையும் கேட்டதாகச் சொல்லவும். இனி முறை அதுதானே.

இப்படிக்கு,
தங்கள் அன்புச் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மருமகள் வந்தாள். சோபாவை எறியவில்லையாம், பிளாஸ்டிக் சுற்றிக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ப் பாடம் நடத்தப் போகிறாளாம். பக்கத்தில் நின்று பேச நோயாளியும் வேண்டுமாம். "வர்றீங்களா மாமா?" என்றாள். கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு ஒத்துக்கொண்டேன். தயவுசெய்து அவளை ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள், தங்கமான பெண். களிம்பை இன்றே பூசச் சொல்லியிருக்கிறாள். நமக்குள் இருக்கட்டும் சம்பந்தி, வெள்ளிக்கிழமை வரை தொடமாட்டேன். ஆறிப்போன கையைக் காட்டினால் பிள்ளைகள் என்னத்தைப் படிப்பார்கள்?