சுபேதாரை வந்து அழைத்துப் போகவும்

ஜெயங்கொண்டம்,
விய வருஷம் புரட்டாசி மாதம் 18-ந் தேதி, வெள்ளிக்கிழமை.

ஜபல்பூர் பட்டாள முகாமில் இருக்கும் மைத்துனன் சிரஞ்சீவி சின்னதுரைக்கு, உன் அக்காள் புருஷனும் ஓய்வுபெற்ற தலைமை உபாத்தியாயருமான வைத்திலிங்கம் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கே எல்லோரும் சுகம், அங்கே உன் சுகத்துக்கு எழுதவும் என்று ஆரம்பிப்பதுதான் முறை. பொய்யில் ஆரம்பிக்க மனம் வரவில்லை. இந்த வீட்டில் சுகமாக இருக்கிற ஜீவன் ஒன்றே ஒன்றுதான். அது நீ லீவில் வந்தபோது தோளில் தூக்கிவந்து உன் அக்காள் சுந்தராம்பாளிடம் ஒப்படைத்துவிட்டுப் போன நாய். பட்டாளத்தில் உன்னை உட்கார், எழுந்திரு என்று விரட்டுகிறவர் ஒரு சுபேதார். பதிலுக்கு நீயும் ஒரு சுபேதாரை உட்காரச் சொல்லிப் பார்க்க ஆசைப்பட்டு, அந்தப் பெயரை நாய்க்கு வைத்தாய். பெயர் வைத்தது நீ, அனுபவிக்கிறது நான். தீபாவளிக்குள் டிஸ்சார்ஜ் ஆகிவிடும் என்று எழுதியிருந்தாய். ஆன மறுநாளே ரயிலேறி வந்து நாயை உன் முந்திரித் தோப்புக்கு அழைத்துப் போகவும். இந்தக் கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் காரணம்.

நாயை அடிக்காதீர்கள் அத்தான், சொன்னபடி செய்தால் அந்த க்ஷணமே தின்ன ஒரு துண்டு கொடுங்கள், தட்டிக்கொடுங்கள், தானாக வழிக்கு வரும் என்று, முகாமில் நாய் பழக்குகிற வெள்ளைக்காரன் சொன்னதாக ஆறு பக்கம் எழுதியிருந்தாய். படித்துவிட்டுச் சிரித்தேன். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடம் நடத்தியவனுக்கு ஒரு துண்டு கருவாட்டைக் காட்டிப் பாடம் சொல்லித் தருகிறாயா? அடியாத மாடு படியாது. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டார்கள். இந்த ஊரில் கைநாட்டு வைக்கவேண்டிய பயல்கள் இன்று கையெழுத்துப் போடுகிறார்கள் என்றால், பாதிக் கையெழுத்து என் புளிய விளாறு போட்டது. ஆகையால் உன் ஆறு பக்கத்தையும் மடித்து உத்தரத்தில் செருகிவிட்டு, என் முறைப்படியே ஆரம்பித்தேன்.

என் முறை உனக்குத் தெரியும். நீயும் என்னிடம் படித்தவன். சுபேதாருக்கு என்று ஒரு நடத்தைப் புத்தகம் தைத்தேன். திங்கள் முதல் வியாழன் வரை குற்றங்களைப் பதிந்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மொத்தமாகத் தண்டனை. பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் செய்தேன், நிதானம் தவறாமல் இருக்கும். முதல் திங்கட்கிழமை அது முறத்தில் காய்ந்த வடகத்தைத் தின்றது. பதிந்துகொண்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேல்துண்டைப் போட்டுக்கொண்டு, விளாறைப் பின்னால் மறைத்துக்கொண்டு, “சுபேதார், இங்கே வா” என்றேன். பாவம், உடம்பெல்லாம் ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. நாலு அடி கொடுத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் கூப்பிட்டேன், கொஞ்சம் யோசித்து வந்தது. மூன்றாம் வெள்ளிக்கிழமை “இங்கே வா” என்றதும் கொல்லைப்பக்கமாக ஓடி எருக்குழிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் நான் கையைத் தூக்கினாலே ஓட்டம்தான். காலையில் சூரிய நமஸ்காரத்துக்குக் கையைத் தூக்கினால்கூட, சூரியன் வருகிற திசைக்கு எதிர்த்திசையில் ஓடுகிறது.

உன் அக்காள் அன்றைக்கு என்னிடம் வந்து கேட்டாள். அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாதபோதுதான் எனக்குப் பயம்.

“அது வடகத்தைத் தின்னது திங்கக்கெழம. நீங்க அடிச்சது வெள்ளிக்கெழம. கூப்பிட்டீங்க, வந்துச்சு, அடிச்சீங்க. கூப்பிட்டா வரக்கூடாதுன்னுதானே அதுக்குப் புரிஞ்சிருக்கும்?”

“புத்தகத்துல திங்கக்கெழமன்னு தெளிவா எழுதியிருக்கேனே.”

“அதைப் படிக்க அதுக்குச் சொல்லிக் குடுத்தீங்களா?”

அதற்குள் சாப்பாட்டு நேரமாகிவிட்டது, இலை முன்னால் போய் உட்கார்ந்தேன். ஆனால் அன்று அவளுக்குத் தெரியாமல் உத்தரத்திலிருந்து உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். சரி, பரிசு கொடுத்தே பார்ப்போம் என்று முடிவு செய்தேன். அதிலும் ஒரு ஒழுங்கு வேண்டாமா? கண்ட நேரத்தில் தின்னக் கொடுத்தால் கெட்டுப்போகும். நல்ல நடத்தைகளைப் பதிந்துவைத்து, வெள்ளிக்கிழமை பரிசளிப்பு விழா என்று வைத்துக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க அது யாரையும் பார்த்துக் குரைக்கவில்லை. வெள்ளிக்கிழமை கையில் பொரி உருண்டையோடு தேடிப்போனேன். அப்போது அது அடுத்த வீட்டு மலர்கொடியின் புருஷன் செருப்பை வாயில் கவ்விக்கொண்டு வந்துகொண்டிருந்தது. செருப்பு வேறு விஷயம், பரிசு வேறு விஷயம் என்று நினைத்து உருண்டையைக் கொடுத்துத் தட்டியும் கொடுத்தேன்.

சின்னதுரை, அந்த வெள்ளைக்காரன் சொன்னது உண்மை. அந்த க்ஷணத்தில் எதற்குக் கொடுக்கிறோமோ அதை நாய் மறப்பதில்லை. மறுநாள் பொழுது விடிந்து கதவைத் திறந்தேன். வாசலில் இரண்டு செருப்பு, பக்கத்தில் சுபேதார், முகத்தில் பொரி உருண்டை எங்கே என்ற கேள்வி. ஒரு வாரத்தில் ஒன்பது சேர்ந்தது. ஜோடியாகக் கொண்டுவந்தாலும் பரவாயில்லை, எல்லாம் ஒற்றை. இந்த ஊரில் செருப்புப் போடுகிறவர்களே இருபது பேர் இருப்பார்கள். அதில் ஒன்பது பேர் ஒரு காலில் செருப்போடு என் வாசலில் வந்து நின்றால், தெருவில் போகிறவன் என்ன நினைப்பான்? எல்லோரும் என் மாணவர்கள். அதனால் ஒருவரும் வாயைத் திறந்து கேட்கவில்லை. வந்து நின்று தலையைச் சொறிந்தார்கள், அவ்வளவுதான்.

எனக்கு வந்த கோபத்தில், அடிப்பதற்குப் பதிலாகப் பறிமுதல் செய்தேன். பள்ளிக்கூடத்தில் பம்பரம், கோலி எல்லாம் பறிமுதல் செய்து மேஜைக்குள் வைப்பேனே, அதுபோல நீ ஜபல்பூரிலிருந்து அனுப்பிய தோல் பட்டையை அதன் கழுத்திலிருந்து கழற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். இது நடந்தது போன திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை காலையில் பஞ்சாயத்து ஆள் தண்டோராப் போட்டுக்கொண்டு போகிறான். வெறிநாய் உபத்திரவத்தை முன்னிட்டு, கழுத்தில் பட்டை இல்லாத நாய் எதுவானாலும் இன்று பிடிக்கப்படும், பிடித்தது திரும்பக் கிடைக்காது என்று. பெட்டியைத் திறந்து பட்டையை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். சுபேதார் இல்லை. பத்தாவது செருப்பைத் தேடிக் கிளம்பிவிட்டது.

அறுபது வயதில் நான் ஓடியதை நீ பார்க்காதது நல்லது. ஓடுகிறபோது, பட்டையைக் கொல்லையிலேயே வைத்துவிட்டு விளாறை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன் என்பதுகூடத் தெரியவில்லை. முப்பத்தொரு வருஷப் பழக்கம், அவசரம் என்றால் கை அதைத்தான் எடுக்கிறது. கடைத்தெருவில் பொரிகடலைக் கடை வைத்திருக்கிற அரியமுத்துவை உனக்கு நினைவிருக்கும், நாலாவதோடு நின்றவன். இன்று மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். அவன் கடை முன்னால் போய் நின்று, “ஏண்டா, என் நாயைப் பாத்தியா?” என்றேன். அவசரத்தில் விளாறு கொஞ்சம் உயர்ந்திருந்தது போலிருக்கிறது. அவன் தராசைக் கீழே வைத்தான். எழுந்து நின்றான். உள்ளங்கையை நீட்டினான்.

“எதுக்குடா கையை நீட்டுற?”

“தெரியலீங்க சார். அதுவா நீளுது.”

“பதினாறாம் வாய்ப்பாடு சொல்லு பாப்போம்.” அந்த நேரத்தில் ஏன் அதைக் கேட்டேன் என்று எனக்கே விளங்கவில்லை.

“அது வராதுங்க சார். அன்னைக்கும் வரல, இன்னைக்கும் வரல. கை நீட்டத்தான் வரும்.”

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அதற்குள் அவனே, “அதோ சார், ஒங்க நாயி!” என்றான். எதிரே கிணற்றடியில் யாருடைய செருப்பையோ கவ்விக்கொண்டு நிற்கிறது. இருபது அடி தள்ளி, தெருமுனையில் சுருக்குக் கயிற்றோடு இரண்டு ஆட்கள். கூப்பிட்டேன். “சுபேதார், இங்கே வா!” என் குரல்தான் உனக்குத் தெரியுமே, கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. நாயும் பார்த்தது. என்னைப் பார்த்தது, விளாறைப் பார்த்தது, செருப்பைப் போட்டுவிட்டு நேரே கயிற்றுக்காரர்கள் பக்கமாக நடக்க ஆரம்பித்தது. என்னைவிட அவர்கள் தேவலை என்று அதற்குத் தோன்றியிருக்கிறது. வலித்தது, சின்னதுரை. உன்னிடம் மறைப்பானேன்.

விளாறைத் தூர எறிந்தேன். அரியமுத்து ஒரு பொரி உருண்டையை எடுத்து என் கையில் வைத்தான். பட்டப்பகலில், கடைத்தெரு நடுவில், சலவை வேட்டியோடு மண்ணில் உட்கார்ந்தேன். இங்கே வா என்று சொல்லவில்லை. அந்த வார்த்தையைத்தான் நான் கெடுத்துவைத்திருக்கிறேனே. உள்ளங்கையை நீட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். எத்தனையோ பிள்ளைகளை நீட்டச் சொன்ன கையை அன்றுதான் நான் நீட்டினேன். நீட்டியவனுக்கு எப்படி இருக்கும் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது.

சுபேதார் நின்றது. திரும்பியது. மண்ணை மோந்துகொண்டு, ஒவ்வொரு அடியாக, வயிறு தரையில் படும்படி வந்தது. வந்து உருண்டையைத் தின்னவில்லை, முதலில் கையை நக்கியது. மேல்துண்டை எடுத்து அதன் கழுத்தில் கட்டினேன்.

கயிற்றுக்காரர்களில் ஒருவன் வந்து, “பட்டையைத்தானே போடச் சொன்னாங்க, துண்டு செல்லுமா சார்?” என்றான். “செல்லும்” என்றேன். அவனும் என் மாணவன்தான், போய்விட்டான்.

அரியமுத்து கடையை விட்டு இறங்கிவந்து பக்கத்தில் குந்தினான். “சார், தப்பா நெனைக்காதீங்க. அன்னைக்கு எனக்கும் ஒரு உருண்டை குடுத்திருந்தீங்கன்னா, பதினாறாம் வாய்ப்பாடு வந்திருக்குமுங்க” என்றான். அதட்டலாம் என்று வாயைத் திறந்தவன், நாயின் கழுத்துத் துண்டில் இன்னொரு முடிச்சுப் போட்டேன்.

இதனால் என் கொள்கை மாறிவிட்டது என்று எண்ணிவிடாதே. பயம்தான் ஒழுக்கத்துக்கு வேர், இந்த நாய் ஒரு விதிவிலக்கு. எனக்கும் வயதாகிவிட்டது, செருப்புகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க உடம்பில் தெம்பில்லை. ஆகவே தாமதம் செய்யாமல் தீபாவளிக்கு முன் வந்து சுபேதாரைக் கட்டாயம் அழைத்துப் போகவும். உன் அக்காள் உன்னை விசாரித்ததாகவும், பட்டாளச் சாப்பாட்டில் இளைத்துவிட வேண்டாம் என்றும் எழுதச் சொன்னாள். பெரியநாயகி அம்மன் உனக்குத் துணையிருந்து நல்லபடியாக வீடு சேர்ப்பாள்.

இப்படிக்கு,
உன் அத்தான்
வைத்திலிங்கம்

பின்குறிப்பு: மேலே ‘அழைத்துப் போகவும்’ என்று எழுதியிருக்கும் இடங்களை எல்லாம் ‘பார்த்துவிட்டுப் போகவும்’ என்று திருத்திப் படிக்கவும். பட்டாள பூட்ஸைக் கழற்றி வாசலில் வைக்காதே. நடத்தைப் புத்தகத்தை உன் அக்காளிடம் அடுப்பெரிக்கக் கொடுத்துவிட்டேன். அரியமுத்து நேற்றுச் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு, கையில் ஒரு பொட்டலம் பொரி உருண்டையோடு வந்தான், பதினாறேழு நூற்றுப்பன்னிரண்டு வரைக்கும் வந்திருக்கிறான். பயம்தான் வேர் என்று எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம்தான். அதற்கு எழுந்துபோய்த் தாள் எடுக்கவேண்டும். சுபேதார் என் கால்மேல் தலையை வைத்துத் தூங்குகிறது. எழுந்தால் விழித்துக்கொள்ளும்.